நால்வழிச் சாலையில் வண்டியோட்டப் பழகுதல்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் விவசாயிகளின் உபயோகத்திற்காக)

விவசாயப் பத்திரிகையில் மோட்டார் வண்டி ஓட்டும் முறையைப் பற்றி எழுதுவதன் பிரயோஜனம் யாதென வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். உழவும் நடவும், எருவும் விதையுமே இப்பக்கங்களுக்கு உரிய விஷயங்கள் என்பது மெய்யே. ஆயினும் நம் கிராமங்களில் ஏர்மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டு வெகுகாலமாயிற்று. நெல்லும் கரும்பும், காய்கறியும் பாலும் களத்தை விட்டுச் சந்தைக்குச் செல்வது மோட்டார்ச் சக்கரங்களின் மேல்தான். குடியானவர் வீட்டில் மகனாயினும் மகளாயினும் ஒரு பிள்ளை வண்டியோட்டப் பழகிக்கொண்டிருப்பது இன்று சாதாரணக் காட்சி. அங்ஙனம் பழகுவோரின் தந்தையர் தங்கள் இளமையிற் கண்டறியாத ஒருவகைச் சாலை இப்போது வயல் வரப்பை ஒட்டியே வந்து நிற்கிறது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை முன்னர் 45ஏ என்னும் எண்ணால் வழங்கிற்று. இப்போது விழுப்புரம்–புதுச்சேரிப் பகுதி 332 என்றும், கடலூர் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பகுதி 32 என்றும் எண்ணப்படுகின்றன. இந்நெடுஞ்சாலையை நால்வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை நான்கு பகுதிகளாகப் பிரித்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அவற்றுள் விழுப்புரம்–புதுச்சேரிப் பகுதி 29 கிலோமீட்டர் நீளமுடையது. 2025ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆந் தேதி இராமேசுவரத்தில் பிரதம மந்திரியால் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. அதன் முடிவிலுள்ள எம்.என்.குப்பத்திலிருந்து தெற்கே பூண்டியாங்குப்பம் வரையில் அடுத்த பகுதி அமைகிறது. இப்பிரதேசத்தில் ஒரு வயலுக்கும் மறு வயலுக்கும் இடையே புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வருவதை யாவரும் அறிவர். போலீஸ் சரகம் மாறினும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றேயாகையால், எல்லையைக் காரணங்காட்டித் தப்பித்துக்கொள்ள இடமில்லை.

பழைய சாலைக்கும் இச்சாலைக்கும் உள்ள பேதம் அகலம் ஒன்றன்று. பழைய சாலையில் அபாயம் எதிரே வரும். ஓட்டுவோன் கண்ணும் எதிரே நோக்கியே பழகும். இங்கோ நடுவில் திட்டு அமைத்து, போகும் வண்டிகளையும் வரும் வண்டிகளையும் பிரித்துவிட்டார்கள். எதிரே ஒன்றும் வராதது கண்டு பழகுவோன் மனம் இளைப்பாறிவிடுகிறது. அபாயமோ இப்போது பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரும், 20 கிலோமீட்டரில் ஊரும் டிராக்டரும், வரப்பினின்று அப்போதுதான் ஏறும் மொபெட்டும் ஒரே தளத்தில் இருக்கின்றன. இங்கு விபத்தை விளைப்பது வேகத்தைவிட வேகங்களுக்கிடையே உள்ள வித்தியாசமேயாகும். இதனை மனத்திற் கொண்டவர்க்குக் கீழ்வரும் குறிப்புகள் யாவும் எளிதில் விளங்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். காரோ டிராக்டரோ ஓட்டப் பழகுவதற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்; போக்குவரத்துத் துறையில் பழகுநர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அது 6 மாதம் செல்லும். பெற்று 30 நாள் கழிந்த பின்னரே பரீட்சைக்குச் செல்லலாம். பழகும்போது உரிமமுள்ள ஒருவர், வண்டியை அடக்கவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து விளங்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர்ச் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையலாகாது. வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, அப்பிள்ளை செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ 3 வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். “பக்கத்து வயலுக்குத்தானே” என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

இனிப் பழகும் முறை. முதற்பாடம் அறுவடையான காய்ந்த நிலத்திலோ வெறுமையான களத்திலோ நடக்கட்டும். கிளட்ச், பிரேக், கியர் இவற்றைக் கண்ணாற் பாராமல் கால் கைகளே அறியுமளவும் சாலைக்கு வருதல் கூடாது. பின்னர்க் கிராமச் சாலை. அதன்பின் நெடுஞ்சாலையின் பக்கத்தே ஓடும் சர்வீஸ் ரோடு. இவை கைவந்த பின்னரே பிரதான சாலையில் ஏறலாம். அதுவும் மழையில்லாத நாளில், போக்குவரத்துக் குறைந்த காலை வேளையில், அரைமணி நேரத்துக்கு மேற்படாமல். டிராக்டரைப் பொறுத்தமட்டில் நமது அபிப்பிராயம் வேறு. அதில் கற்பிப்போர் உட்காருவதற்குத் தனி ஆசனம் இல்லை. மட்கார்டின் மேல் ஒண்டிக்கொண்டு போகிறார்கள். அங்ஙனம் ஒண்டியிருப்பவர் ஒரு பள்ளத்தில் தடுமாறினால் விழுவது பின்சக்கரத்தின் முன்னேயாகும். ஆகையால் டிராக்டரை நிலத்திலும் மண்பாதையிலுமே முற்றும் கற்றுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நால்வழிச் சாலை அதனைப் பழகும் இடமன்று.

பிரதான சாலையில் ஏறுமுன் வண்டியின்றியே செய்யத்தக்க ஓர் அப்பியாசம் உண்டு. ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு சாலையோரத்தில், கைப்பிடித் தடுப்புக்கு வெளியே, மரநிழலில் அரைமணி நேரம் உட்காருக. கிலோமீட்டர்க் கற்களுக்கிடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் நடப்பட்டிருக்கும். இல்லையெனின் மின்கம்பங்களையாவது அடியளந்து குறித்துக்கொள்ளலாம். ஒரு வண்டி 200 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறதென்று பார்க்க. 12 விநாடியானால் அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். 8 விநாடியானால் 90. புதிதாய்ப் பார்ப்பவர் கண்ணுக்கு இவ்விரண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே தோன்றும். நேர்முகமாக வரும் பொருள் பெரிதாகிறதேயன்றி நகர்வதாகத் தெரியாது. அருகில் வந்த பின்னரே திடீரெனப் பாய்வதுபோலக் காணும். “தூரத்தில்தான் வருகிறது” என்று எண்ணி ஏறியவர் பலர் ஏமாந்தது இதனாலேயாம். பத்து வண்டிகளை அளந்து பார்த்தவர்க்குப் பதினோராவது வண்டியின் வேகம் கண்ணுக்கே புலப்படத் தொடங்கும்.

வண்டி நிற்கும் தூரத்தையும் அறிந்திருத்தல் அவசியம். அபாயத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகுமுன்னரே ஏறக்குறைய ஒன்றரை விநாடி கழிந்துவிடும். அந்நேரத்தில் வண்டி முன் வேகத்திலேயே ஓடும். பின்னரே பிரேக் பிடிக்கிறது. நல்ல டயரும் காய்ந்த தாருமுள்ள இடத்தில், 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு மொத்தம் சுமார் 25 மீட்டர் வேண்டும். 72 கிலோமீட்டரில் சுமார் 70 மீட்டர். 90 கிலோமீட்டரில் சுமார் 100 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதே இதன் கணக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் சாலை நனைந்திருக்கையில், 90 கிலோமீட்டரில் செல்லும் வண்டிக்கு 160 மீட்டரும் போதாமற் போகலாம். பாரம் ஏற்றிய டிரெய்லருக்கு இக்கணக்கு ஒன்றும் பொருந்தாது. அதற்குப் பெரும்பாலும் பிரேக்கே கிடையாதாகையால், டிராக்டர் நின்றாலும் பின்னாலிருக்கும் பாரம் அதை நெட்டித் தள்ளும்.

முன்வண்டிக்கும் தனக்கும் விடவேண்டிய இடைவெளியை மீட்டரால் அளந்துகொண்டிருக்க முடியாது. முன்வண்டி ஒரு கல்லையோ கம்பத்தையோ கடந்ததும் நிதானமாக “ஒன்று, இரண்டு, மூன்று” என எண்ணுக. மூன்று விநாடி முடிவதற்குள் தாமும் அதனைக் கடந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்குக. மழையில் ஆறு வரை எண்ணலாம். இடைவெளி விட்டால் வேறொருவன் அதிற் புகுந்துவிடுகிறானே என்று பழகுவோர் குறைப்படுவர். புகுந்தால் மறுபடியும் சிறிது பின்வாங்குவதைத் தவிர வேறு உபாயமில்லை. அதனால் இழப்பது சில விநாடிகளே.

அடுத்து, சாலையிற் சேரும் விதம். சேருமிடத்தில் தனித் தடம் நீண்டிருந்தால் அதிலேயே வேகத்தைக் கூட்டிக்கொண்டு, கண்ணாடியையும் வலத்தோளுக்குப் பின்புறத்தையும் பார்த்து, இடத்தடத்தில் கலத்தல் வேண்டும். கிளைவாய்க்கால் நீர் பெருவாய்க்காலிற் சாய்வாக வந்து விழுந்தால் சலனமின்றிக் கலக்கிறது. குறுக்கே வந்து விழுந்தால் கரையை அரிக்கிறது. இதுவும் அத்தகையதே. தனித் தடம் இல்லாத இடத்தில் நின்றே புறப்பட வேண்டும். பழகுவோன் ஒருவன் நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை அடைய 10 விநாடிக்குக் குறையாது. அதற்குள் 90 கிலோமீட்டரில் வரும் கார் 250 மீட்டர் ஓடிவிடும். ஆகவே இடத்தடத்தில் 300 மீட்டர் வரை ஒன்றுமில்லாதபோதே புறப்படுக. பக்கத்திலிருப்பவர் “போ, போ” என்று அவசரப்படுத்தினாலும், தன் கண்ணுக்குத் திருப்தியில்லாவிடில் நிற்பதே முறை. கண்ணாடியில் தோன்றாத ஓர் இடம் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தே உண்டு. ஒரு மோட்டார் சைக்கிள் முழுவதும் அதில் மறைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

இதனினும் கடினமானது, நடுத்திட்டின் இடைவெளியில் குறுக்கே கடத்தல். நம் விவசாயிகளிற் பலருக்கு வீடு ஒருபுறமும் நிலம் மறுபுறமும் அமைந்துவிட்டமையால் இதனை விரிவாக எழுதுவது அவசியமாகிறது. தனியே மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டுபவர் இரண்டு தவணையாகக் கடக்கலாம்: முதலில் வலப்புறமிருந்து வருவனவற்றைப் பார்த்துப் பாதிச் சாலையைக் கடந்து, திட்டின் இடைவெளியில் நின்று, பின்னர் இடப்புறமிருந்து வருவனவற்றைப் பார்த்து மீதியைக் கடப்பது. டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு இம்முறை உதவாது. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 8 மீட்டர் நீளத்துக்குக் குறையா. திட்டின் அகலம் 5 மீட்டரென்று வைத்துக்கொண்டால், நடுவில் நிற்கும்போது டிரெய்லரின் பின்பாதி வேகமாக ஓடும் வலத்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவன் முகம் மறுபுறம் திரும்பியிருப்பதால் இதனை அவன் அறியவும் மாட்டான்.

ஒரே வீச்சாகக் கடந்தால் என்ன ஆகிறதென்று பார்ப்போம். இரண்டு தடங்களும் ஓரத்தாரும் சேர்ந்து எட்டரை மீட்டர், திட்டு 5, மறுபுறம் மீண்டும் எட்டரை, வண்டியின் நீளம் 8, ஆக 30 மீட்டர். முதற்கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இதனைக் கடக்க 21 விநாடிக்கு மேல் பிடிக்கும். அந்த 21 விநாடியில் 90 கிலோமீட்டரில் வரும் கார் 525 மீட்டர் ஓடும். அதாவது புறப்படும்போது அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ஒருவேளை கண்ணுக்கே புலப்படாத தூரத்தில் இருந்த வண்டி, டிரெய்லர் சாலையை விட்டு இறங்குமுன் வந்து சேர்ந்துவிடும். சேற்று நிலத்திலிருந்து ஏறும் டிராக்டர் நடுவழியில் எஞ்சின் அணைந்து நிற்பதும் அபூர்வமன்று. ஆகையால் டிரெய்லருடன் கடக்க வேண்டியவர்கள், சற்றுத் தூரமாயினும், சாலைக்கடியில் அமைத்துள்ள சுரங்கவழியாகச் செல்வதே தகும். பழகுவோர் டிரெய்லருடன் திட்டு இடைவெளியைக் கடக்கவே கூடாது என்பது எமது உறுதியான கருத்து. சுரங்கவழி வெகுதூரத்திலுள்ள கிராமத்தார் தங்கள் கொம்யூன் பஞ்சாயத்து மூலமாக நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கு மனுச்செய்து கொள்ளலாம்; மனுவில் மேற்படி கணக்கைச் சேர்த்துக்கொண்டால் அது வலுப்பெறும்.

சுற்றிச் செல்வதற்குச் சோம்பி எதிர்த்திசையிலேயே ஓரமாகப் போய்விடும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பதை மறைப்பதற்கில்லை. “இருநூறு அடிதானே, ஓரமாகத்தானே போகிறோம்” என்பார்கள். 20 கிலோமீட்டரில் எதிர்த்துச் செல்லும் டிராக்டரும் 90 கிலோமீட்டரில் வரும் காரும் ஒன்றையொன்று 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன. இடையே 300 மீட்டர் இருந்தாலும் பத்து விநாடிக்குள் அது தீர்ந்துவிடும். நேராகச் செல்லும் ஓட்டுநன் அத்திசையில் எதிரே வண்டி வருமென்று கனவிலும் எண்ணான். கண்ட பின்னரும் அது தன்னோடு ஒரே திசையில் செல்வதாகவே ஒருகணம் மயங்குவான். சுற்றிச் செல்வதால் ஆகும் நஷ்டத்தையும் கணக்கிடலாம்: 3 கிலோமீட்டர் அதிகமானால் டிராக்டருக்கு 9 நிமிஷமும் ஒரு லிட்டருக்குக் குறைந்த டீசலுமே செலவு. எதிர்த்திசையிற் செல்வது 2019ஆம் வருஷத்துத் திருத்தப்படி அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் அடங்கும். முதல் முறைக்கே சிறைவாசமும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பழகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவர் இதனைச் செய்வாராயின், ஆறுமாதப் பாடமும் அன்றே வீணாகும்.

தடங்களைப் பற்றி: இடத்தடமே செல்லும் தடம், வலத்தடம் முந்துவதற்கு மட்டும் உரியது. பழகுவோர் பலர் இடப்புறத்தில் ஆடும் சைக்கிளும் நிற்கும் லாரியும் இருப்பதற்கு அஞ்சி, வலத்தடத்திலேயே மெதுவாக ஊர்ந்து செல்கின்றனர். அவ்வச்சம் நியாயமானதே எனினும் பரிகாரம் தவறானது. பின்னால் வருவோர் இடப்புறமாக முந்தத் தொடங்குவர். அதன்பின் பழகுவோன் இருபுறமும் அபாயத்தால் சூழப்படுவான். இடத்தடத்திலிருந்தே முன்னால் வெகுதூரம் நோக்கி, நிற்கும் வண்டியை முன்னமே கண்டுகொண்டு, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டரை மூன்று விநாடி எரியவிட்டு, தோளுக்குப் பின்புறம் நோக்கி, பிறகே விலகுக. முந்திய வண்டியின் முன்விளக்கு இரண்டும் உட்கண்ணாடியில் முழுவதும் தெரிந்த பின் இடத்தடத்துக்குத் திரும்புக. இண்டிகேட்டரை அணைக்க மறவற்க.

இனி நம்மால் உண்டாகும் அபாயங்களும் சில உள. தை மாசி அறுவடையில் நெல்லையும், அதன்பின் உளுந்தையும் எள்ளையும் சாலையில் பரப்பிக் காயவைப்பது பழைய வழக்கம். அதன் மேல் பிரேக் போட்டால் சக்கரம் பிடிப்பின்றிச் சறுக்கும். மோட்டார் சைக்கிள் கவிழும். பழகுவோர் தூரத்திலேயே கண்டு வேகத்தைக் குறைத்து, அதன் மேல் சென்றே ஆகவேண்டுமாயின் திருப்பாமலும் பிரேக் தொடாமலும் நேராகக் கடத்தல் வேண்டும். பரப்புகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: தானியத்தை மாலையில் அள்ளிக்கொண்டு, சுற்றிலும் வைத்த கற்களை மட்டும் விட்டுச் செல்கிறீர்களே, அவை இரவில் யாருக்காக? களமே தானியத்துக்கு உரிய இடம். இவ்வாறே, சேற்றுழவு முடிந்த டிராக்டரின் சக்கரச் சேற்றைத் தட்டாமல் சாலையேறினால், அச்சேறு பின்வருவோர்க்கு எண்ணெய் போலாகும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் வரவே கூடாது. நிலத்தில் திரும்புவதற்காகத் தனித்தனியே விட்ட இரண்டு பிரேக் பெடல்களையும் சாலையேறுமுன் கொக்கியிட்டு ஒன்றாக இணைத்தாக வேண்டும்; வேகத்தில் ஒருபுறப் பிரேக் மட்டும் பிடித்தால் டிராக்டர் புரண்டுவிடும்.

கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவில் பின்விளக்கின்றிச் செல்வது, பின்னால் வரும் பழகுவோர்க்கு மட்டுமன்றித் தேர்ந்தோர்க்கும் யமனாகும். தோகை தொங்கி விளக்கையும் மறைத்துவிடுகிறது. பின்பலகையின் இரு ஓரங்களிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர்ப் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பமே. பாரம் ஏற்றிய பின் அது தெரிகிறதா என்று பின்னால் போய் நின்று பார்ப்பதுதான் முக்கியம். பழகுவோர் உரிமம் பெற்றுச் சில மாதம் ஆகுமளவும் இந்நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டாதிருத்தல் நன்று. மார்கழி விடியற்காலையில் ஏரிப்புறங்களிலும் வயல்வெளிகளிலும் பனிமூட்டம் கவியும்போதும் அப்படியே. இடையில் மாட்டிக்கொண்டால் முன்விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, அடுத்த சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுக; தடத்திலேயே நிற்கலாகாது.

வண்டி பழுதானால் ஓரத்தாருக்கும் அப்பால் இயன்றமட்டும் இடப்புறம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணப் பலகையை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைக்க வேண்டும். வண்டியில் இருப்போர் யாவரும் இறங்கித் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். பழுதான வண்டிக்குள் காத்திருப்பது தவறு. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்னும் எண்ணையும், காயம்பட்டோருக்கு ஆம்புலன்ஸ் வேண்டின் 108 என்னும் எண்ணையும் கூப்பிடலாம். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவி செய்தவரை வழக்கில் இழுக்கலாகாதென்று 2019ஆம் வருஷத்துத் திருத்தம் பாதுகாப்பளித்திருக்கிறது. ஆகவே அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. பழுது நீங்கிப் புறப்படும்போது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லையும் அடையாளமாக வைத்த மரக்கிளையையும் சாலையினின்று எடுத்தெறிந்துவிட்டே வண்டியில் ஏறுக.